மதினி போட்ட கையெழுத்து

மதினியின் பழுப்பு நிற ரெக்சின் பையில் ஜிப் பாதி தூரம்தான் ஓடும். மிச்சத்துக்கு இரண்டு ஊக்குகள் குத்தியிருக்கும். அந்தமானிலிருந்து நாங்கள் ஊர் திரும்பிய அன்று, விமான நிலையத்தில் ஒரு நீளமான மேசைமேல் அந்தப் பையை வைத்து, கையுறை போட்ட ஓர் அதிகாரி அந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தார். மேலாக இருந்த துண்டை எடுத்தார். மாத்திரை டப்பாவை எடுத்தார். நான்காக மடித்திருந்த சுங்குடிச் சேலையைத் தூக்கியபோது அதன் கனம் அவருக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். மேசைமேல் வைத்து மெதுவாக விரித்தார். உள்ளே கையளவு பவளப்பாறைத் துண்டு ஒன்று இருந்தது. வெள்ளை வெளேரென்று, மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக. அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது பயம் இல்லை. ‘நல்லவேளை, ஒரு கிளைகூட முறியவில்லை’ என்றுதான் நினைத்தேன். ஏழு வருடங்கள் ஆகிவிட்டன. இப்படி நினைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதைச் சேலைக்குள் சுற்றி வைத்தது நான். தன் பைக்குள் அப்படி ஒன்று இருப்பதே மதினிக்கு அந்த நிமிடம்வரை தெரியாது.

மதினி என் கணவரின் அக்கா. இலத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். என் கணவர் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என் மாமியார் இறந்துபோக, தம்பியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய் வளர்த்து ஆளாக்கியவர். வயல், குளம், வீடு, கல்யாணம் காட்சி என்றால் தென்காசி, சீசனுக்குக் குற்றாலம், வருடத்துக்கு ஒருமுறை திருச்செந்தூர். அவருடைய போக்குவரத்து அவ்வளவுதான். நான் தென்காசியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’தான். மதினி மட்டும் ‘டீச்சரு’ என்று கடைசியில் ஓர் உகரம் சேர்த்துச் சொல்வார். இலத்தூர்க் கடைத்தெருவில் யாராவது எதிர்ப்பட்டால், “எந்தம்பி வீட்டுக்காரி. டீச்சராக்கும்” என்று நிறுத்தி வைத்து அறிமுகப்படுத்துவார். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு நான் தகுதியானவள்தான் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தமான் போகலாம் என்றது என் மகள். அப்போது அவள் பிளஸ் ஒன். யாரோ தோழி போய்வந்து படங்கள் காட்டியிருக்கிறாள். கண்ணாடி போல் தண்ணீர், வெள்ளை மணல், முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியும் மூச்சுக்குழலுமாகக் கடலுக்குள் முகம் புதைத்து மீன் பார்ப்பது. ஸ்நார்க்கலிங் என்ற சொல்லையே அவள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தாள். “அத்தையும் வரணும்” என்று அவள் பிடித்த பிடிக்கு இவரும் மதினியும் மசிந்தார்கள். எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. மதினியைப் பிடிக்காது என்றில்லை. விமானம், கப்பல், கடற்கரை விடுதி என்று போகிற இடத்தில் ஈரிழைத் துண்டும் ஊக்குக் குத்திய பையுமாக அவர் கூட வருவதை நினைத்தால் ஒரு சங்கடம். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “மதினிக்கு விமானம் ஒத்துக்குமா?” என்று மட்டும் கேட்டேன். அக்கறைபோலத்தான் அது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும்.

மதினிக்கு விமானம் ஒத்துக்கொண்டது. சன்னலோரம் உட்கார்ந்து, மேகத்துக்கு மேலே வந்ததும், “ஏட்டி, சாரல்லாம் இங்கனருந்துதான் வருதாக்கும்” என்று என் மகளின் தொடையைத் தட்டினார். கப்பலில் எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. அவர்தான் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

தீவில் இறங்கிய மறுநாள் காலை படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தண்ணீரில் இறங்குமுன் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்: பவளத்தை மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது, கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். கடற்கரையில் மூன்று மொழிகளில் பலகையும் இருந்தது. எனக்கு யாரும் சொல்லவே வேண்டியதில்லை. பவளம் கல் அல்ல, கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் கட்டிய வீடு, ஒரு விரலளவு வளரப் பல வருடங்கள் எடுக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான்.

குற்றால அருவி நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் மேலகரத்தில் இருபது வருடமாகக் குடியிருந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். பத்து நொடி இருக்கும். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, கையைக் காலை உதறி, அந்தப் பெண்ணின் தோளைப் பிறாண்டி, படகில் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு இறங்கவில்லை. மதினி என் மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, மேலே மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு, பெரிய குளத்தில் இறங்குகிற மாதிரி இறங்கினார். முதலில் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு போனார், பிறகு விட்டுவிட்டார். நீலப் பரப்பில் மதினியின் முதுகு மட்டும் தெரிந்தது. முக்கால் மணி நேரம். மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

“ஏட்டி டீச்சரு, கீழ ஒரு ஊரே இருக்குட்டி” என்றார். “தேர் ஓடுற அன்னைக்கு ரத வீதியில நிக்க மாதிரி மீனு. அத்தன கூட்டம். ஒண்ணு மேல ஒண்ணு இடிக்கல பாத்துக்க.”

என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், “அம்மா, அத்தை பூரா நேரமும் கையைக் கட்டிக்கிட்டே மிதந்தாங்கம்மா. ஏன் அத்தை அப்படி?”

“தொடக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சில்லா. பக்கத்துல பாத்தா கை சும்மா இருக்காது. அதான் கட்டிக்கிட்டேன்.”

அன்று சாயங்காலம் விடுதி முற்றத்தில் உட்கார்ந்து அத்தையும் மருமகளும் ஓயாமல் பேசினார்கள். அந்த நீலமும் மஞ்சளுமான மீன், விசிறி போல் ஆடிய செடி, மூளை மாதிரிச் சுருள்சுருளாக இருந்த பாறை. மூளைப் பவளம் என்று அதற்குப் பெயர், எனக்குத் தெரியும், சொன்னேன். “உனக்குப் பேருதாம்மா தெரியும், அத்தைதான் பாத்தாங்க” என்றாள் மகள். சும்மா சொன்னதுதான். மதினிகூட, “ஏட்டி, சும்மா இரு, அவ படிச்சவ, பாக்காமலே அவளுக்குத் தெரியும்” என்று அவளை அடக்கினார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடியற்காலை நான் மட்டும் கடற்கரையில் நடக்கப் போனேன். தண்ணீர் உள்வாங்கியிருந்தது. மணலில் அந்த வெள்ளைத் துண்டு கிடந்தது. முன்னும் பின்னும் யாரும் இல்லை. பள்ளி ஆய்வகத்துக்கு, பிள்ளைகளுக்குக் காட்ட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குனிந்து எடுத்தேன். அது முழு உண்மையில்லை. எல்லோரும் பார்த்ததை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியாததில் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் போலிருந்தது. ஏன் மதினியின் பையில் வைத்தேன் என்பதற்கும் அப்போது என்னிடம் காரணம் இருந்தது: அந்தச் சேலை மெத்தென்று இருக்கிறது, அவருடைய பையில் இடம் இருக்கிறது, ஊருக்குப் போனதும் எடுத்துக்கொண்டு சொல்லிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டால் என் பையில் இருக்க வேண்டாம் என்றும் நினைத்தேனா? ஏழு வருடமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

விமான நிலையத்தில் அந்த அதிகாரி இந்தியில் கேட்டதை, பக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண் காவலர் ஒருவர் எங்களுக்குச் சொன்னார். “இது யார் பை?”

“என் பைதாம்மா” என்றார் மதினி.

“இதை யார் எடுத்தது?”

மதினி அந்தப் பவளத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு நொடிகூட இருக்காது. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கலாம் என்று நாக்கு எழுந்ததும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம், தலைமையாசிரியை, வழக்கு, வேலை என்று வரிசையாக வந்ததும் நினைவிருக்கிறது.

“நாந்தாம்மா எடுத்தேன். கரையில கெடந்துச்சு. அழகா இருக்கேன்னு எடுத்து வச்சுட்டேன். தப்புன்னு தெரியாது.”

“போர்டு போட்டிருக்கே, பார்க்கலையா?”

“கவனிக்கலம்மா.”

வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம்கூட எடுத்தார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏன்க்கா இப்படி மானத்த வாங்குத? கேட்டா கடையில ஏதாவது வாங்கித் தந்திருக்க மாட்டனா?” என்றார். மகள் அழவே தொடங்கிவிட்டாள். “அத்தை, தொடக் கூடாதுன்னு அவங்க சொன்னப்ப நீங்களும்தான கேட்டீங்க? கையெல்லாம் கட்டிக்கிட்டீங்க?”

“மறந்துட்டேம்மா” என்றார் மதினி.

வழக்குப் போட இடமிருக்கிறது, வயதானவர், விவரம் தெரியாதவர் என்பதால் பொருளைப் பறிமுதல் செய்துகொண்டு மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு விடுகிறோம் என்றார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். காவலர் ஒரு தாளையும் பேனாவையும் மதினியின் முன்னால் வைத்தார். மதினி அதைத் தொடாமல், “எனக்குக் கை நடுங்குது. டீச்சரு எழுதட்டும். நான் கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

எழுதினேன். பலகையில் எழுதிப் பழகிய, எல்லோரும் பாராட்டும் என் குண்டு குண்டான எழுத்தில். ‘நான் படிப்பறிவு இல்லாத காரணத்தால், சட்டம் தெரியாமல், கடற்கரையில் கிடந்த பவளத் துண்டை எடுத்துவிட்டேன். என் அறியாமையை மன்னிக்க வேண்டுகிறேன்.’ யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் சீக்கிரம் விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. மதினி தாளை எட்டப் பிடித்து வாசித்தார். வரிக்கு வரி விரல் வைத்து வாசிப்பது அவர் பழக்கம். ஓரிடத்தில் விரல் சற்று நின்றது. பிறகு நகர்ந்தது. அடியில் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கை நடுங்கவே இல்லை.

விமானத்தில் சன்னலோரம் உட்காரச் சொன்னோம். “பாத்தாச்சுல்லா, போதும்” என்று நடு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். சென்னை வந்து சேரும்வரை முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார்.

அன்றே சொல்லியிருக்கலாம். ரயிலில் சொல்லியிருக்கலாம். தென்காசியில் இறங்கி ஆட்டோ பிடிக்குமுன் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட, முந்தைய நாள் சொல்லாததற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதற்குள் அது குடும்பத்துக் கதையாகிவிட்டது. கோபம் ஆறியதும் இவர்தான் அதை வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார். எந்த விசேஷ வீட்டிலும் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது, “ஏ, அந்தமான் கதையச் சொல்லு” என்பார்கள். இவர் எழுந்து நின்று, அதிகாரி மாதிரியும் அக்கா மாதிரியும் நடித்துக் காட்டுவார். கையளவு துண்டு, சொல்லச் சொல்ல அம்மிக்கல் அளவுக்கு வளர்ந்தது. எல்லோரும் சிரிப்பார்கள். மதினியும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒருமுறை இவர், “அது எதுக்குள்ள சுத்தி வச்சிருந்தா?” என்று இடையில் மறந்து நின்றபோது, “சுங்குடிச் சேலையில” என்று எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.

வகுப்பில் பவளப்பாறைப் பாடம் வருடா வருடம் வந்தது. “டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, மதினி சொன்னதையெல்லாம் நான் கண்டதுபோல் சொல்வேன். ரத வீதியில் தேர் பார்க்கும் கூட்டம், ஒன்றோடொன்று இடிக்காத மீன்கள் என்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பாடம் முடிந்து வெளியே வரும்போது யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியாது. அடுத்த மணியில் அதுவும் மறந்துபோகும். வெட்கம் அப்படித்தான் என்னிடம் இருந்தது. வந்து வந்து போகும், தங்காது.

இந்த வருடம் தை மாதம், இவருடைய சித்தப்பா மகன் மேலகரத்திலேயே புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். பூசை முடிந்ததும் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. அவன் மனைவி அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் முப்பது பேர் இருப்போம். அவன் சிரித்துக்கொண்டே உரக்கச் சொன்னான்: “எதுக்கும் இலத்தூர் அக்கா பைய ஒருக்கா பாத்துருங்கப்பா. அந்தமான்லேருந்தே கொண்டாந்த கையில்லா!”

எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். “ஏன், பாத்துருவோம்லே” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே வைக்க ஆரம்பித்தார். துண்டு. மாத்திரை அட்டை. கோயில் திருநீற்றுப் பொட்டலம். பாதி சுருட்டிய தைலக் குழாய். செய்தித்தாளில் மடித்த வெற்றிலை. மூன்றாவது பொருளிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் பையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, “இல்லலே, பாத்துக்கிட்டியா” என்றார். உதடு சிரித்துக்கொண்டேதான் இருந்தது.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. “அந்தக் கல்ல எடுத்தது நான்தான்” என்றேன். “மதினி பைக்குள்ள வச்சதும் நான்தான். மதினிக்கு ஒண்ணும் தெரியாது.”

ஏழு வருடமாகப் பயந்துகொண்டிருந்த நிமிடம் வந்துவிட்டது என்று நின்றேன். அப்போது அவனுடைய அம்மா, எனக்குச் சின்ன மாமியார் முறை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “பாருங்கடி, நாத்தனாளுக்கு ஒரு பேச்சு வந்ததும் பழியத் தன் மேல போட்டுக்கிட்டா. இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?” ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். “வெளையாட்டுக்குச் சொல்லிட்டேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க” என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். மதினியிடம் கேட்கவில்லை. இவர்கூட என்னைப் பெருமையாகப் பார்த்தார். “இல்ல, நெசமாவே…” என்று நான் மறுபடி தொடங்க, “சரி சரி, விடுங்க டீச்சர்” என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஆற்றினார்கள். சிமிழ், பூசைத் தட்டில் வெற்றிலைக்கு அடியிலேயே இருந்தது. பந்தியில் சின்ன மாமியார் தானே வந்து எனக்கு மட்டும் இரண்டாவது கரண்டி பாயசம் ஊற்றினார். அதைக் குடித்தேன்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறி இலத்தூர் போனேன். மதினி பின்கட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். “என்னை மன்னிச்சிருங்க மதினி” என்றேன்.

அவர் வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை. “எதுக்கு? கல்லுக்கா, கடுதாசிக்கா?”

எனக்குப் புரியவில்லை. புரியாததுபோல் இருந்தேனோ என்னவோ.

“படிப்பறிவு இல்லாதவன்னு எழுதினியே, அதுக்கான்னு கேக்கேன். நான் பத்தாங்கிளாஸ் பாஸு. அம்மை போனதும் மேல படிக்க வேண்டாம்னு நிப்பாட்டிக் கட்டிக் குடுத்துட்டாவ. உன் வீட்டுக்காரனுக்கு இங்கிலீசு எழுத்து சொல்லிக்குடுத்தது யாருன்னு நெனைக்க? அந்த வரிய வாசிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்பவே நீங்க உண்மையச் சொல்லியிருக்கலாமே மதினி” என்றேன். இப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மதினி இப்போது நிமிர்ந்து பார்த்தார். “நான் சொல்லணுமா? நான் உனக்காகச் செஞ்சேன்னு நெனைச்சுக்காத. எந்தம்பி நிக்கான், புள்ள நிக்கா. அவ அம்மைய நடுச்சபையில அப்படி அவ பாக்கக் கூடாது. தெரியாதவள விட்டுருவாங்க, டீச்சர விடுவாங்களா? அதெல்லாம் யோசிச்சுத்தான் சொன்னேன். நீ ஊருக்கு வந்ததும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுவன்னு இருந்தேன். ஒவ்வொரு விசேஷ வீட்டுலயும் அவன் அந்தக் கதைய எடுக்கையில உன் மொகத்தத்தான் பாப்பேன். நீயும் சிரிப்ப.”

“நேத்து எல்லார் முன்னாலயும் சொன்னேனே மதினி.”

“சொன்ன. யாரு நம்புனா? உனக்கு இன்னொரு கரண்டி பாயசம்லா கெடச்சுது.”

முறத்திலிருந்த வெங்காயத்தில் ஒன்றை எடுத்து உரித்தேன். அவர் தடுக்கவில்லை. முறம் காலியாகும் நேரத்தில், குரலைத் தாழ்த்தி, அவர்தான் பேசினார். “ஊருக்கெல்லாம் நீ சொல்ல வேண்டாம். புள்ளட்ட சொல்லு. அவ நம்புவா. நான் உங்க வீட்டுக்கு வந்தா அவ ஹேண்ட்பேக்க எடுத்து உள் ரூம்ல வைப்பா. தெரிஞ்சு செய்யல, அவளுக்கே தெரியாது. ஆனா வைப்பா. ஏழு வருசமா பாக்கேன்.”

நான் அதைக் கவனித்ததே இல்லை. வீடு திரும்பும் பஸ்ஸில், என் மகள் மேசையிலிருந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகிற காட்சி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. வெட்கம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதுவரை இருந்ததெல்லாம் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்.

இவரிடம் முதலில் சொன்னேன். நேற்றுச் சொன்னது பெருந்தன்மை இல்லை, நடந்தது என்று, கடிதம்வரை ஒன்றுவிடாமல். அவர் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு இலத்தூர் போனார். திரும்பி வரும்போது கண் வீங்கியிருந்தது. அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே சித்தப்பா வீட்டுக்குப் போய் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் நம்பினார்கள். சின்ன மாமியார் இப்போது வழியில் பார்த்தால் என்னிடம் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார். அந்தமான் கதையை அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், “அந்த லெட்டர்?” என்றாள். “அதையும் நீதானம்மா எழுதுன?”

“ஆமா.”

“அத்தைய நான் அன்னைக்கு என்னெல்லாமோ கேட்டேன். நீ பக்கத்துலதான் நின்ன.”

“ஆமா.”

“வச்சிருதேன்” என்று வைத்துவிட்டாள்.

அதோடு என்னோடு பேச்சு நின்றது. அப்பாவுக்கு எப்போதாவது செய்தி அனுப்புவாள். அத்தையோடு தினமும் பேசுவாள். மதினிதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை எனக்குப் போன் போட்டு, “புள்ளைக்கு ஜலதோசமாம், கசாயம் வைக்கச் சொல்லியிருக்கேன்” என்றும், “இன்னைக்கு ஆபீஸ்ல பாராட்டுனாங்களாம்” என்றும் சேதி சொல்வார். பெற்ற பிள்ளையின் நலத்தை அவர் வாயால் கேட்டுக்கொண்டேன். சித்திரை போய், வைகாசியும் போனது. “என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?” என்று ஒருநாள் கேட்டேன். “கேக்கல” என்றார் மதினி. என் மனசுக்காகக்கூட ஒரு பொய் சொல்லவில்லை. எனக்காகச் சொன்ன ஒரு பொய் போதும் என்று நினைத்திருப்பார்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. போன வாரம் மதினியிடமிருந்து போன். “புள்ள வந்திருக்கா. தென்காசியில எறங்கி நேரா இங்கன வந்துட்டா. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் அஞ்சருவிக்குக் குளிக்கப் போறோம். வாறதுன்னா வா.”

போனேன். பெண்கள் பக்கத்தில் நல்ல கூட்டம். தலையில் எண்ணெய் வழிய மதினி முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் என் மகள், இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. மதினி எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அருவிக்குள் போய்விட்டார்.

மகள் அவருக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தவள், நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். போன வருடம்தான் போட்டது. அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஈரமில்லாத இடம் எங்குமில்லை. கொஞ்சம் தயங்கினாள். பிறகு வந்து என் கையில் கொடுத்தாள்.

“இதப் பிடி” என்றாள். ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. “அம்மா” என்று சொல்லவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அருவிக்குள் போனாள்.

நான் கரையில் நின்றேன். திவலைகள் பறந்து வந்து கண்ணாடியை நனைத்துக்கொண்டே இருந்தன. முந்தானையால் துடைத்தேன். மறுபடி நனைந்தது. இரண்டு பேரும் வெளியே வரும்வரை துடைத்துக்கொண்டே நின்றேன்.